இசைந்து கொடுக்கும் இழை

லண்டன் மாநகரின் மேற்கு ஓரத்தில் சவுத்தால் என்றொரு பகுதி உண்டு. பஞ்சாபியர் மிகுதியாக வாழும் இடம். அதன் கடைத்தெருவில் சுடச்சுட ஜிலேபி கிடைக்கும். கட்டுக்கட்டாக வெந்தயக்கீரையும் கிடைக்கும். அப்பகுதியை ஒட்டியே கிராண்ட் யூனியன் கால்வாய் செல்கிறது. லண்டனையும் பர்மிங்ஹாமையும் இணைக்கும், ஏறத்தாழ 220 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்வழி அது. ஒருகாலத்தில் நிலக்கரி ஏற்றிய படகுகள் சென்ற அந்தக் கால்வாயில் இன்று உல்லாசப் படகுகளும் அன்னப்பறவைகளும் மிதக்கின்றன. படகுகளை இழுத்த குதிரைகள் நடந்த கரையோரப் பாதையில் மாலை வேளைகளில் மக்கள் உலாவுகிறார்கள்.

வங்கிப் பணியின் பொருட்டுச் சில ஆண்டுகள் அந்நகரில் தங்கியிருந்தபோது நானும் அப்பாதையில் நடப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தேன். ஒரு மாலை, பெட்டியொன்றின்மீது அமர்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டேன். எழுபது வயதை நெருங்கியவர். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் என்பதைப் பின்னர் அறிந்தேன். அவர் கையிலிருந்த கோலைக் கண்டுதான் என் கால்கள் நின்றன. அதன் நீளம் 13 மீட்டர். ரீல் என்று சொல்லப்படும் சுருள் எதுவும் அதில் இல்லை. கோலின் நுனியிலிருந்து இரண்டு மீட்டர் நரம்பு, அதில் ஒரு சிறு தக்கை, அடியில் ஒரு முள். நம் ஊர்க் குளக்கரையில் சிறுவர்கள் மூங்கில் கோலில் கட்டும் தூண்டிலுக்கும் அதற்கும் அமைப்பில் வேறுபாடு ஏதுமில்லை என்றே முதலில் எண்ணினேன்.

தக்கை மூழ்கியது. அவர் கோலை மெல்ல உயர்த்தினார். அப்போது நான் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. கோலின் நுனித் துளையிலிருந்து மஞ்சள் நிற இழையொன்று வெளிவந்து நீண்டது. ஒரு முழம், இரண்டு முழம் என்று நீண்டுகொண்டே சென்றது. மீன் ஓடிய பக்கமெல்லாம் அந்த மஞ்சள் இழையும் வளைந்து நீண்டது. மீன் சளைத்தபோது தானாகவே கோலுக்குள் பின்வாங்கியது. சிறிது நேரத்தில் முழங்கை நீளமுள்ள பிரீம் மீனொன்று அவருடைய வலைக்குள் வந்து சேர்ந்தது. கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுத்தார். மீனை மீண்டும் நீரிலேயே விட்டார். நன்னீரில் பிடிக்கும் இவ்வகை மீன்களை உண்பதற்கு எடுத்துச் செல்லாமல் திரும்ப விட்டுவிடுவது அந்நாட்டுத் தூண்டில்காரர்களின் வழக்கம்.

"அந்த மஞ்சள் இழை என்ன?" என்று கேட்டேன்.

"எலாஸ்டிக், நண்பரே. உங்கள் காரில் ஷாக் அப்சார்பர் என்ன செய்கிறதோ, அதைத்தான் இது செய்கிறது" என்றார்.

அறுந்து போன நரம்பு

அடுத்த மாதமே மீன்பிடி உரிமம் பெற்று நானும் ஒரு கோல் வாங்கினேன். இங்கிலாந்தில் நன்னீரில் தூண்டில் போட, 13 வயது நிறைந்த எவரும் அரசின் சுற்றுச்சூழல் முகமையிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். நான் வாங்கியது 'விப்' என்னும் மெல்லிய குறுங்கோல். அதனுள் எலாஸ்டிக் கிடையாது. நுனியில் நேரடியாக நரம்பைக் கட்டிக்கொள்ள வேண்டும். சிறு மீன்களுக்கு அது போதும் என்றார் கடைக்காரர். நுனி முதல் முள் வரை ஒரே தடிமனுள்ள நரம்பைக் கட்டிக்கொண்டு, முதியவருக்குச் சற்றுத் தள்ளி அமர்ந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் விரல் நீள ரோச் மீன்கள் வந்தன. பிறகு தக்கை ஒருமுறை ஆடியது; சாய்ந்தது; அப்படியே நீருக்குள் சென்று மறைந்தது. கோலை உயர்த்தினேன். மறுமுனையில் இருந்தது சிறு மீன் அன்று. கோல் வளையும் மட்டும் வளைந்தது. அதற்குமேல் கொடுப்பதற்கு என்னிடம் ஏதுமில்லை. மீன் ஒருமுறை உந்தியது. நரம்பு, கோலின் நுனி முடிச்சில் அறுந்தது.

மீன் தப்பியது என்று எண்ணி நான் பெருமூச்சு விட்டேன். தப்பவில்லை. நரம்பு தக்கைக்கு மேலே அறுந்துவிட்டபடியால், மீனின் வாயில் முள், முள்ளோடு நரம்பு, நரம்போடு தக்கை என அத்தனையும் அதனுடன் சென்றன. தக்கையின் சிவப்பு நுனி கால்வாயின் குறுக்கே நகர்ந்து, எதிர்க்கரையில் நீரில் தாழ்ந்திருந்த முட்புதரை நோக்கிப் போவதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். புதரின் வேரில் நரம்பு சுற்றிக்கொண்டால் அந்த மீன் கட்டுண்ட நிலையில் அங்கேயே மடிந்துபோகும்.

முதியவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. தம் தூண்டிலிலிருந்து இரையை எடுத்தெறிந்தார். சற்றுப் பெரிய முள்ளொன்றைக் கட்டி, இரண்டு எடைக்குண்டுகளைச் சேர்த்தார். 13 மீட்டர் கோலைக் கால்வாயின் குறுக்கே நீட்டி, நகர்ந்துகொண்டிருந்த தக்கைக்கு அப்பால் முள்ளை இறக்கி, மெல்ல இழுத்தார். நான்காம் முறை அவருடைய முள், தக்கைக்குக் கீழே இருந்த என் நரம்பில் மாட்டியது. மஞ்சள் இழை வெளிவந்தது. மீன் புதரை நோக்கிப் பாய்ந்தது, இழை நீண்டது. அவர் கோலின் திசையை மட்டும் சற்றே மாற்றினார். இருபது நிமிடங்கள் கழித்து, ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள கெண்டை மீன் வலைக்குள் கிடந்தது. என் முள்ளை அதன் உதட்டிலிருந்து எடுத்து, மீனை நீரில் தாங்கிப் பிடித்து, அது தானாக நீந்திச் செல்லும்வரை காத்திருந்தார்.

பிறகே பேசினார்: "மீன் கிடைக்காமல் போனால் அது உங்களுக்கு நட்டம். மீன் உங்கள் தக்கையைச் சுமந்துகொண்டு போனால் அது மீனுக்கு நட்டம். முதலாவது எல்லோருக்கும் நேர்வது. இரண்டாவதை நாம் நேரவிடக் கூடாது."

நான் கட்டியிருந்த அதே தடிமன் நரம்பையே அவரும் கட்டியிருந்தார் என்பதை அன்று இரவுதான் உணர்ந்தேன். என் நரம்பு அறுந்தது, அவருடையது அறவில்லை. இடையில் இருந்தது அந்த ஒரு மஞ்சள் இழை மட்டுமே.

வளையும் கோலும் வளையாத கோலும்

நீண்ட கோலில் மீன் பிடிப்பது இங்கிலாந்துக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே லண்டனின் லீ ஆற்றங்கரையில் ரோச் மீனுக்காக நீண்ட மூங்கில் கோல்களைப் பயன்படுத்தினார்கள். மூங்கிலுக்கு இயல்பாகவே வளையும் தன்மை உண்டு. மீன் இழுக்கும்போது கோலே வளைந்து அந்த அதிர்ச்சியை ஏற்றுக்கொள்ளும். ஆயினும் மூங்கில் கனமானது. ஆறேழு மீட்டருக்கு மேல் நீண்டால் கையில் தாங்க இயலாது.

வடபிரான்சில் உள்ள ரூபே நகரின் பெயரால் 'ரூபேசியன்' என்று வழங்கப்படும் முறையில், கோலைப் பல துண்டுகளாகச் செய்து, ஒன்றனுள் ஒன்றைச் செருகி நீட்டிக்கொள்கிறார்கள். மீன் மாட்டியதும் கோலைப் பின்னோக்கித் தள்ளி, அடித்துண்டுகளைக் கழற்றிவிட்டு, நுனிப்பகுதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மீனைக் கரை சேர்ப்பார்கள். பிறகு கார்பன் இழைக் கோல்கள் வந்தன. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் 1960களில் உருவாக்கப்பட்ட வலிமை மிக்க கார்பன் இழை, அடுத்த பத்தாண்டில் தூண்டில்களுக்கும் வந்து சேர்ந்தது. எடை மிகக் குறைந்தது. நீளம் மிகக் கூடியது. இன்று கடைகளில் 16 மீட்டர் கோல்கள் கிடைக்கின்றன. உலகச் சாம்பியன் போட்டிகளில் ஆடவருக்கான கோலின் நீளத்தை 13 மீட்டர் என்று வரையறுத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு நன்மை வந்தபோது இன்னொன்று போயிற்று. 13 மீட்டர் நீளத்துக்கும் தொய்யாமல் நிற்க வேண்டுமானால் கோல் விறைப்பாக இருந்தாக வேண்டும். விறைப்பான கோல், மீன் இழுக்கும்போது வளைந்து கொடுக்காது. மூங்கில் செய்துவந்த வேலையைச் செய்ய ஆளில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்ததே எலாஸ்டிக். தொடக்கத்தில் அதைக் கோலின் நுனிக்கு வெளியே சிறு துண்டாகக் கட்டினார்கள். பின்னர் கோலின் உட்கூடு வெற்றிடமாகத்தானே இருக்கிறது என்று அதனுள்ளேயே நீளமாகக் கோக்கத் தொடங்கினார்கள்.

ஒரு சிறு கணக்கு

வணிகவியல் படித்தவனுக்கு எதையும் கணக்கிட்டுப் பார்த்தால்தான் மனம் அமைதியுறும். அன்று இரவு பள்ளிப் பருவத்து இயற்பியலை நினைவுகூர்ந்து காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். வாசகர்களும் உடன் வரலாம்.

இரண்டு கிலோ எடையுள்ள மீன், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 4 ஜூல். அம்மீனை நிறுத்த வேண்டுமானால் அந்த 4 ஜூலையும் எங்கோ ஓரிடத்தில் வரவு வைத்தாக வேண்டும்.

என் கோலில் இருந்தது 2 மீட்டர் நரம்பு. அதன் தாங்குதிறன் ஏறத்தாழ 1 கிலோ. நைலான் நரம்பும் ஓரளவு நீளக்கூடியதே. தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு நீளும் என்று வைத்துக்கொண்டால் 40 சென்டிமீட்டர் நீளும். 4 ஜூலை 40 சென்டிமீட்டருக்குள் அடக்கச் சராசரியாக 1 கிலோ எடைக்கு நிகரான விசை தேவை. ஆனால் இழுவை ஒரே சீராக இருப்பதில்லை. சுழியத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே உச்ச விசை, சராசரியைப் போல் இரு மடங்கு, அதாவது 2 கிலோ. நரம்போ 1 கிலோதான் தாங்கும். அறுந்ததில் வியப்பில்லை.

முதியவரின் கோலில் நரம்போடு எலாஸ்டிக்கும் சேர்ந்து 2 மீட்டர் தொலைவு நீண்டது. அதே 4 ஜூலை 2 மீட்டருக்குள் அடக்கச் சராசரி விசை 200 கிராம். உச்ச விசை 400 கிராம். தாங்குதிறனில் பாதியைக்கூட அது எட்டவில்லை. மீன் நீந்திக்கொண்டே உந்துவதையும் நீரின் தடையையும் இக்கணக்கில் சேர்க்கவில்லை. ஆயினும் அடிப்படை தெளிவாகிறது: மீனை நிறுத்துவதற்கு எத்தனை தொலைவு கொடுக்கிறோம் என்பதே நரம்பின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

ரீல் உள்ள தூண்டிலில் இச்சிக்கல் ஏன் பெரிதாக எழுவதில்லை என்பதும் இதே கணக்கில் விளங்கும். 30 மீட்டர் நரம்பு வெளியே இருக்குமானால் அதுவே 6 மீட்டர் வரை நீளும். போதாததற்குக் கோலும் வளையும். ரீலும் நரம்பை விட்டுக்கொடுக்கும். குறுகிய நரம்பில் மீன் பிடிப்பவருக்கு இம்மூன்றும் இல்லை.

ரப்பரின் தனிக்குணம்

இழுவை எவ்வளவோ அவ்வளவே எதிர்விசை என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678இல் விளக்கி வெளியிட்டார். எஃகுச் சுருள்வில் இவ்விதிக்குப் பெரும்பாலும் கட்டுப்படும். ரப்பர் அவ்வளவு கட்டுப்படுவதில்லை. தொடக்கத்தில் எளிதாக நீளும்; இடையில் நெடுந்தொலைவு ஏறக்குறைய ஒரே சீரான விசையோடு நீளும்; தன் எல்லையை நெருங்கும்போது திடீரென விறைத்துக்கொள்ளும். எலாஸ்டிக்கின் பயன் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. எல்லையை எட்டிவிட்ட எலாஸ்டிக், எலாஸ்டிக் இல்லாததற்கே சமம். ஆகவேதான் கோலின் மேல் இரண்டு மூன்று துண்டுகளுக்குள்ளும் நீளமாகக் கோக்கிறார்கள்.

இன்னொரு குணமும் உண்டு. ரப்பரை இழுப்பதற்குச் செலவிட்ட ஆற்றல் முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துவிடுகிறது. ஒரு ரப்பர் பேண்டை உதட்டருகே வைத்துச் சட்டென இழுத்துப் பாருங்கள், இளஞ்சூடு தெரியும். கண்பார்வை இழந்த ஆங்கிலேய அறிஞர் ஜான் கஃப் இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பதிவு செய்திருக்கிறார். இந்தக் கழிவு தூண்டில்காரருக்கு நன்மையே. மீன் தலையை உதறும்போது எழும் துடிப்புகள் மழுங்கிப்போய், முள் பிடித்த இடம் கிழியாமல் இருக்கிறது.

மீன் சளைத்து நிற்கும்போதும் இழை இழுப்பதை நிறுத்துவதில்லை. எதிர்த்து மோதுவதற்குத் திடமான ஒன்று மீனுக்குக் கிடைப்பதில்லை. ஓய்ந்திருப்பதற்கும் இடம் கிடைப்பதில்லை.

கோலுக்குள் கோக்கும் முறை

மறுவாரம் அம்முதியவர் தம் பழைய கோல் ஒன்றின் மேல்தொகுதியை என்னிடம் கொடுத்து, எலாஸ்டிக் கோக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்.

முதலில் கோலின் நுனியைச் சிறிது நறுக்கி, அதில் டெஃப்லானால் ஆன சிறு புழைவாயைப் பொருத்த வேண்டும். இழை உரசாமல் வழுக்கிச் செல்வதற்கு இது இன்றியமையாதது. நறுக்கிய விளிம்பை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து மழுமழுப்பாக்க வேண்டும். கார்பனின் சிறு கூர்முனை போதும், இழையை அறுத்துவிடும்.

பிறகு நீண்ட மெல்லிய கம்பியைக் கொண்டு இழையை உள்ளே செலுத்தி மறுமுனை வரை இழுக்க வேண்டும். நுனிப்பக்கம் இழையின் முனையில் சிறிய இணைப்பான் ஒன்றைக் கட்டுகிறார்கள். தக்கையும் முள்ளும் உள்ள நரம்பின் கண்ணியை அதில் மாட்டிக்கொள்ளலாம். அடிப்பக்கம் கூம்பு வடிவ அடைப்பான் ஒன்றில் இழையைக் கட்டி, அதைக் கோலின் உட்புறத்தில் இறுக்கமாக அமர்த்துகிறார்கள். எஞ்சிய இழையை அந்த அடைப்பானில் சுற்றிவைத்துக்கொண்டால், வேண்டும்போது இறுக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

இறுக்கத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. இணைப்பானைப் பிடித்து ஒரு முழம் வெளியே இழுத்து, கையோடு கொண்டுவந்து விட வேண்டும். அது முழுவதும் உள்ளே சென்று நுனியில் மெல்ல அமர்ந்தால் சரி. வெளியே தொங்கினால் தளர்ச்சி. 'பட்' என்று அறைந்தால் மிகை இறுக்கம். வழவழப்புக்கென விற்கும் திரவத்தைச் சில சொட்டுகள் உள்ளே விட்டால் இழை தடையின்றி ஓடும்.

சிலர் மேல்தொகுதியின் பக்கவாட்டில் சிறு துளையிட்டு, அதன் வழியே எலாஸ்டிக்கின் அடிமுனையை ஒரு மணியோடு வெளியே எடுத்துவைக்கிறார்கள். மீன் கரையருகே வந்ததும் அந்த மணியைப் பிடித்து இழுத்தால் இழை சுருங்கி மீன் வலைக்கு எட்டும். மீன் பாய்ந்தால் கையை விட்டால் போதும். இழை மீண்டும் நீளும். மென்மையான இழையில் பெரிய மீனையும் சேர்க்க இதுவே வழி.

எந்த மீனுக்கு எந்த இழை

எலாஸ்டிக்குகளைத் தடிமன் வாரியாக எண்ணிட்டு விற்கிறார்கள். எண் கூடக்கூட விறைப்புக் கூடும். உறுதியான இழைகளும் உண்டு. நடுவில் துளையுள்ள குழாய் போன்ற இழைகளும் உண்டு. பின்னது தொடக்கத்தில் மென்மையாக நீண்டு, படிப்படியாக வலுப்பெறும். ஒரு தயாரிப்பாளரின் எண்ணும் இன்னொருவரின் எண்ணும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், எண்ணை மட்டும் நம்பாமல் கையால் இழுத்துப் பார்த்து வாங்குவதே முறை.

பொதுவாகச் சிறு ரோச் மீன்களுக்கு 4, 5 எண்ணுள்ள இழை; பிரீம் போன்ற நடுத்தர மீன்களுக்கு 6 முதல் 8 வரை; கெண்டைக்கு 12க்கு மேல் என்று அம்முதியவர் வகுத்துக்கொண்டிருந்தார். முள்ளையொட்டிய கடைசி ஒரு சாண் நரம்பு, மேலுள்ள நரம்பைவிட மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. எந்தக் கோலானாலும் ஒருநாள் எங்கேனும் அறுந்தே தீரும். அறும்போது முள்ளருகே அறுந்தால் மீன் தக்கையைச் சுமக்காது. நான் ஒரே தடிமனில் கட்டியதுதான் அன்றைய தவற்றின் பாதி.

தேர்வில் இருபுறமும் ஆபத்து உண்டு. மிக விறைப்பான இழையில் சிறு மீன் மாட்டினால் அதன் மெல்லிய உதட்டிலிருந்து முள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். மிக மென்மையான இழையில் பெரிய மீன் மாட்டினால், அது தான் விரும்பிய இடத்துக்கு, பெரும்பாலும் நாணலுக்கோ வேருக்கோ, சென்றுவிடும்; முள்ளும் சரியாகப் பதியாது. மேலும் போராட்டம் நீளநீள மீனின் வலு முற்றிலும் வடிந்துபோகும். விட்ட பின்னும் அது பிழைப்பது அரிதாகலாம். ஆகவே இசைந்து கொடுத்தால் போதும், எவ்வளவு வேண்டுமானாலும் இசைந்து கொடுக்கலாம் என்று கருதிவிடக் கூடாது. எதிர்பார்க்கும் மீன், கட்டியிருக்கும் நரம்பு, அருகிலுள்ள இடர் ஆகிய மூன்றையும் பார்த்தே இழையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எலாஸ்டிக் இல்லாத கோலுக்கு

என் குறுங்கோலைப் பரணில் போடத் தேவையிருக்கவில்லை. 'பவர் கம்' என்ற பெயரில் தடித்த ரப்பர் போன்ற நரம்பு கடைகளில் கிடைக்கிறது. அதில் ஒரு சாண் எடுத்து இரு முனையிலும் கண்ணியிட்டு, கோலின் நுனிக்கும் நரம்புக்கும் இடையே கட்டினேன். நீளம் சிறிதாயினும், முதல் அதிர்ச்சியை அது ஏற்றுக்கொள்ளும். ரீல் உள்ள தூண்டிலிலும், நீளாத பின்னல் நரம்பைப் பயன்படுத்துவோர், எடைக்குண்டுகளுக்குக் கீழே, முள் நரம்புக்கு மேலே இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். பவர் கம்மின் தாங்குதிறன் எப்போதும் முள் நரம்பின் திறனைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். முடிச்சிடும்போது நன்கு நனைத்து மெதுவாக இறுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் வெடுக்கென இறுக்கினால் முடிச்சு நழுவும் அல்லது இழை கீறப்படும்.

கால்வாய் முடியும் இடத்தில்

எலாஸ்டிக் பெரும்பாலும் ரப்பர் பாலிலிருந்து செய்யப்படுவது. வெயிலும் வெப்பமும் எண்ணெய்ப் பசையும் அதற்குப் பகை. காரின் பின்கண்ணாடி அருகே கோலைப் போட்டுவைக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் பயன்படுத்திய பின் தூய நீரால் உட்புறத்தைக் கழுவ வேண்டும். மாதம் ஒருமுறை இழையை முழுவதும் வெளியே இழுத்து, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கீறல், நிறம் மங்குதல், ஓரிடத்தில் மட்டும் மெலிதல் ஆகியவை தெரிந்தால் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். இணைப்பானை ஒட்டிய பகுதியே முதலில் தேயும். அங்கே சிறிது நறுக்கிவிட்டு மீண்டும் கட்டினால் இன்னும் சில வாரங்கள் உழைக்கும்.

இந்த ரப்பருக்கும் அந்தக் கால்வாய்க்கும் ஒரு பழைய உறவு இருப்பதைப் பிறகு அறிந்தேன். கிராண்ட் யூனியன் கால்வாய் பிரென்ட்ஃபோர்டு என்னுமிடத்தில் தேம்ஸ் ஆற்றில் கலக்கிறது. ஆற்றின் மறுகரையில் இருப்பது கியூ தாவரவியல் தோட்டம். ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை 1876இல் அங்கேதான் விதைத்தார்கள். நூற்றுக்கு நான்கு விதை முளைத்திருந்தால் அதிகம். அந்த நாற்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறியது. ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம். கேரளத்திலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இன்று அதிகாலையில் பால் வெட்டப்படும் மரங்கள் அவ்வழி வந்தவையே. முதியவரிடம் இதைச் சொன்னபோது, தம் மஞ்சள் இழையை ஒருமுறை விரலால் இழுத்துப் பார்த்து, "அப்படியானால் இது உங்கள் ஊர்ப் பக்கத்துச் சரக்கு" என்று சிரித்தார்.

நான் தாயகம் திரும்பும் முன் கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரருகே அமர்ந்தேன். என் குறுங்கோலில் ஒரு சாண் பவர் கம். முள்ளருகே மெல்லிய நரம்பு. மாலையில் ஒரு நல்ல மீன் மாட்டியது. கோல் வளைந்தது, இழை நீண்டது, நரம்பு தாங்கியது. சில நொடிகளில் முள் நரம்பு அறுந்து மீன் சென்றுவிட்டது. தக்கை என் கோலிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

முதியவர் திரும்பிப் பார்த்தார். தக்கையைச் சுட்டிக்காட்டி, "இம்முறை நட்டம் பெரும்பாலும் உங்களுடையதே" என்றார்.

அந்தக் கோல் இன்று என் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது குளக்கரைக்கு எடுத்துச் செல்கிறேன். அங்கே மூங்கில் கோலோடு வரும் சிறுவர்கள் அதன் நுனியில் உள்ள ரப்பர் துண்டைக் கண்டு சிரிப்பார்கள். அவர்களுடைய மூங்கிலுக்கு அது தேவையில்லை. ஆனால் நரம்பை இரண்டு தடிமனில் கட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதை மட்டும் அவர்கள் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.